நடு வரியைக் காணோம்

பள்ளி நாடகத்தில் ராணி வேடம் ரேடியோவுக்குக் கிடைத்தது. குண்டூசிக்குக் கிடைத்தது ஒரு நோட்டுப் புத்தகம்.

ரேடியோ வாய் ஓயாமல் பேசுவாள், அதனால் அந்தப் பெயர். ஒல்லி உடம்பும் உருண்டைத் தலையுமாக இருந்ததால் இவள் குண்டூசி. முதல் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு.

ராணி வேடத்துக்குக் குண்டூசியும் ஆசைப்பட்டாள்தான். ஆனால் அவள் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.

"நீ திரைக்குப் பின்னாடி நின்னு வசனத்தை எடுத்துக் கொடும்மா" என்றார் டீச்சர்.

"எனக்குப் பயமே இல்லடி. மறந்துட்டா உன்னைப் பாப்பேன். நீ சொல்லிடுவே" என்றாள் ரேடியோ.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாம் காட்சி முடியும்போது, குண்டூசியின் நோட்டில் ஒரு சின்ன இடம் மங்கியது. எரியும் பல்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணில் ஒரு திட்டு நிற்குமே, அதுபோல. அவள் கண்ணைக் கசக்கினாள். திட்டு போகவில்லை. அதைச் சுற்றி ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு மினுமினுவென்று நடுங்கியபடி வளரத் தொடங்கியது.

'ஐயோ, இப்பவா?' என்று நோட்டை முகத்துக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தாள்.

மேடையில் ரேடியோ, "மந்திரியாரே!" என்று கை நீட்டினாள். அதோடு நின்றுவிட்டாள். மீதி வசனம் மறந்துபோய்விட்டது. மெல்லத் திரையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

குண்டூசி நோட்டில் அந்த வரியைத் தேடினாள். முதல் சொல் தெரிந்தது. மற்றதெல்லாம் காணோம். எந்த எழுத்தைப் பார்த்தாளோ அந்த எழுத்தே மறைந்தது.

"மந்திரியாரே…" என்று கிசுகிசுத்தாள்.

"அதான் சொல்லிட்டேனே!" என்று பல்லைக் கடித்தாள் ரேடியோ. வேறு வழி தெரியாமல் சபையைப் பார்த்து மறுபடியும், "மந்திரியாரே!" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை, "மந்திரியாரே!"

மந்திரியாக நின்ற பையன் பாவம், எத்தனை நேரம்தான் சும்மா நிற்பான்? "இங்கதானே இருக்கேன், சொல்லுங்க!" என்றான்.

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. ராணி கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு அழுதபடி உள்ளே ஓடினாள்.

"வேணும்னே பண்ணினே! ராணி வேஷம் உனக்குக் கிடைக்கலன்னு பண்ணினே!"

"இல்லடி. எனக்குக் கண்ணுல…"

"நோட்டைக் கையில வெச்சிருந்தியே! படிக்கத் தெரியாதா உனக்கு?"

அரை மணி நேரத்தில் குண்டூசியின் கண் சரியாகிவிட்டது. வலி இல்லை, சிவப்பு இல்லை. காட்டுவதற்கு எதுவுமே இல்லை.

மறுநாள் ரேடியோ பையைத் தூக்கிக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் குண்டூசி ஒரு ஓரமாகவே உட்கார்ந்தாள். நடுவில் உட்கார மனம் வரவில்லை. சாப்பாட்டு வேளையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் படியில் தனியாகச் சாப்பிட்டாள். பேச ஆள் இல்லாததால் சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது.

கண்ணில் அந்தத் திட்டு அவளுக்கு வந்தது அன்று நான்காவது தடவை. முதல் தடவையே டீச்சரிடம் சொன்னாள்.

"தலை வலிக்குதா?"

"இல்ல டீச்சர்."

"வாந்தி?"

"இல்ல."

"அப்போ ஒண்ணும் இல்ல. போய் உக்காரு."

வீட்டில் அப்பாவிடமும் சொன்னாள். "டிவியைக் கிட்ட உக்காந்து பாக்காதே" என்றார் அப்பா. அம்மா வெளியூரில் வேலை பார்த்தாள், வாரக் கடைசியில்தான் வருவாள். போனில் சொன்னால் பயந்துவிடுவாள்.

அந்தக் கோடு வரும்போது குண்டூசி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். அடுத்த கண்ணை மூடிப் பார்ப்பாள். இரண்டையும் மூடினாலும் இருட்டுக்குள் அது மின்னிக்கொண்டுதான் இருக்கும். ஒருநாள் போகாமல் அப்படியே நின்றுவிட்டால்? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாலை அவர் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குண்டூசி பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, சத்தமே வராம லிஃப்ட் பழுதாகுமா?"

"ஆகுமே! அதுதான் ரொம்பத் தொல்லை. சத்தம் வந்தா நாலு பேர் போன் பண்ணுவாங்க. சத்தம் வரலன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"அப்போ நீங்க என்ன செய்வீங்க?"

"திறந்து பாப்பேன். வேற என்ன?"

"எனக்கும் அப்படித்தான்ப்பா. வலியே இல்ல. ஆனா பழுது இருக்கு."

அப்பாவின் கை நின்றது. குண்டூசி தான் பார்த்ததை வரைந்து வைத்திருந்த தாளை நீட்டினாள். ரம்பப் பல் வைத்த பிறை நிலா ஒன்று அதில் இருந்தது. நான்கு தடவையும் எத்தனை நிமிடம் இருந்தது என்றும் ஓரத்தில் எழுதியிருந்தாள். அப்பா அதை வெகுநேரம் பார்த்தார்.

"நாலு தடவை வந்துச்சா? நான்தான் காதுல வாங்காம இருந்துட்டேனா?"

அடுத்த நாளே கண் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசியில் அந்தத் தாளைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தார்.

"கண்ணு நல்லா இருக்கு. இது மூளை பண்ற வேலை. ஒற்றைத் தலைவலின்னு பேரு."

"ஆனா எனக்குத் தலை வலிக்கலையே!"

"சில பேருக்கு அப்படி வரும். பேர்லதான் தலைவலி, தலையில இருக்காது. வந்தா பேசாம ஒரு இடத்துல உக்காரு. ரோட்டைக் கடக்காதே, சைக்கிள் ஓட்டாதே. கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லு. தானாப் போயிடும்."

வெளியே வந்ததும், "கூட இருக்கிறவங்ககிட்ட" என்று குண்டூசி முணுமுணுத்தாள். அங்கேதான் சிக்கலே.

ரேடியோவிடம் வாயால் சொன்னால் எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். அன்று இரவு அறிவியல் புத்தகத்தைப் புரட்டியபோது, 'செய்து பார்' பகுதி ஒன்று கண்ணில் பட்டது. செய்து பார்த்தாள். "அட!" என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் ஒரு தாளோடு முன் பெஞ்சுக்குப் போனாள். தாளின் இடப் பக்கம் ஒரு பெருக்கல் குறி. வலப் பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு கறுப்புப் புள்ளி.

"என்கிட்டப் பேச வேணாம். இதை மட்டும் பாரு. இடது கண்ணைப் பொத்திக்கோ. வலது கண்ணால பெருக்கல் குறியைப் பாத்துக்கிட்டே, தாளை மெதுவா முகத்துக்கிட்ட கொண்டு வா."

ரேடியோ உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் ஆசை யாரை விட்டது? தாளை எடுத்தாள். கிட்டே, இன்னும் கிட்டே… கை சட்டென்று நின்றது.

"ஏய்! புள்ளியைக் காணோம்!"

"அங்கேதான் இருக்கு."

"இல்லடி, சத்தியமா இல்ல!"

"எல்லார் கண்ணுலயும் பார்வை இல்லாத ஒரு சின்ன இடம் இருக்காம். அன்னைக்கு உன் வசனமும் அப்படித்தான். நோட்டுலதான் இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல."

ரேடியோ தாளைத் தள்ளிப் பிடித்தாள். மறுபடி கிட்டே கொண்டு வந்தாள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் குண்டூசி மெதுவாகச் சொன்னாள்.

"நான் எல்லார்கிட்டயும் உன்னைப் பொறாமைக்காரின்னு சொல்லிட்டேனே" என்றாள் ரேடியோ. குரல் உள்ளே போய்விட்டது.

"தெரியும்."

குண்டூசி தன் பெஞ்சுக்குத் திரும்பினாள். அன்று ரேடியோ பின்னால் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தண்ணீர்க் குழாய்ப் படியில் குண்டூசி தனியாகவே சாப்பிட்டாள். ஆனால் வகுப்பில் யாரோ "பொறாமைக்காரி" என்று ஆரம்பித்தபோது, "அப்படிச் சொல்லாதே, நான் சொன்னது தப்பு" என்று ரேடியோ அதட்டுவது அவள் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை விளையாட்டு நேரத்தில் அந்தத் திட்டு மறுபடி வந்தது. குண்டூசி ஓட்டத்தை நிறுத்தி, டீச்சரிடம் சொல்லிவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். மைதானத்தில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பந்து ஒரு பக்கம் மறைந்து மறு பக்கம் முளைத்தது. 'இருபது நிமிஷம்தான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பக்கத்தில் யாரோ பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"வந்துடுச்சா?" ரேடியோவின் குரல்.

"ம்."

"என் முகம் தெரியுதா?"

குண்டூசி திரும்பிப் பார்த்தாள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மினுமினுப்பு. வாயையும் காணோம்.

"ஒரு காது மட்டும் தெரியுது."

"அது போதும்டி. அதுகிட்டச் சொல்லு."

குண்டூசி அந்தக் காதின் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பேச ஆரம்பித்தாள்.