கடைசிப் பெட்டியின் விளக்கு

தண்டவாளத்தை ஒட்டிய கரும்புத் தோகைகளின் மேல் விழுந்துகொண்டிருந்த சிவப்பு வெளிச்சத்தைக் காணவில்லை.

அமிர்தம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயில் மேட்டில் மூச்சு வாங்கி நின்றபோது, கடைசிப் பெட்டியின் முதுகில் மாட்டியிருந்த விளக்கு தோகைகளில் குங்குமம் தெளித்த மாதிரி படிந்திருந்ததை ஜன்னல் கம்பி வழியாக அவள் பார்த்திருந்தாள். இப்போது தோகைகள் கறுத்துக் கிடந்தன. எண்ணெய் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஆறு மாத வயிற்றின் மேல் கையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் வெட்டிப் போடப்பட்டு, ஒரு வாரமாகப் பஸ் ஓடவில்லை. தியாகதுருகத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவள் தவித்தபோது, ரயில் டிரைவரான கணவன் நாராயணசாமிதான் சொன்னான்: "பஸ்ஸு இன்னாத்துக்கு? நான் ஓட்டற வண்டியிலயே ஏறிக்க. சின்னசேலத்துல எறக்கி வுடறேன், உங்கண்ணன் மாட்டுவண்டி கட்டிக்கினு வரட்டும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சேலத்தில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் கொளஞ்சியம்மாள் சொல்லி மூன்று மாதமாகிறது. போன வாரம்தான் அவள் வயிற்றில் கை வைத்து, "அதெல்லாம் முடிஞ்சிபோச்சி அமிர்தம்" என்று சத்தியம் செய்திருந்தான். சத்தியத்தை மனுஷன் காப்பாற்றுகிறான் என்று அவள் நம்பினாள்.

மேட்டில் கரி இன்ஜின் நின்றதும், எல்லாப் பெட்டியையும் ஒரேயடியாக இழுக்க முடியாது, முன் பெட்டிகளை மட்டும் அடுத்த ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்து கடைசிப் பெட்டியை இழுத்துப்போவதாகச் சொன்னார்கள். கார்டு அறையை ஒட்டிக் கடைசியாக இருந்த அந்தப் பெண்கள் பெட்டியில் இருந்தவர்கள் மூட்டையோடு இறங்கி முன்னால் நடந்தார்கள்.

"ஏண்டி, இன்ஜினும் மறியல்ல குந்திக்கிச்சா?" என்று ஒருத்தி கேட்க, "அதுக்கும் எதுனா ஒதுக்குனாத்தான் நவுரும்" என்றாள் இன்னொருத்தி. சிரிப்புச் சத்தம் ஜல்லியில் தேய்ந்து போனது.

மூலையில் முக்காடு போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் இறங்கவில்லை.

அமிர்தமும் எழுந்தாள். அதற்குள் நாராயணசாமி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "நீ எறங்காத. இந்த வவுத்தோட ஜல்லியில சறுக்கி வுழுந்தா இன்னா ஆவறது? அரை மணி நேரம். போனேன் வந்தேன்னு வந்துடறேன்." கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களை அழுத்தினான். எண்ணெயும் கரியுமாக நான்கு விரல்தடங்கள் அவள் விரல்களில் ஒட்டின. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

கார்டு மாயவன் வந்து இரண்டு பக்கக் கதவையும் சாவி போட்டுத் திருகினான். "மறியல் கும்பல் ஏறிடும் அண்ணி. நான் பக்கத்து ரூம்லதான இருக்கப்போறேன், பயப்படாதீங்க."

காலையில் ரயில்வே கேட்டில் அவளுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தவர்களே அந்த மறியல்காரர்கள்தான். சொல்ல வாயெடுத்தாள். அக்கறையாகப் பேசுகிறவர்களிடம் என்னத்தைச் சொல்வது?

இன்ஜின் போனது. கல்வராயன் மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்தது. கரிப்புகையின் வாசனை மெல்ல விலக, ஈரமண்ணும் கரும்பின் புளித்த இனிப்பும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. பக்கத்து அறையில் கார்டு ஏதோ செய்துகொண்டிருந்தான். இரும்பில் இரும்பு தட்டுகிற சின்னச் சத்தம், டிங், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி டிங், டீ போடுகிறான் போல என்று அவள் நினைத்தாள்.

அரை மணி ஒரு மணியானது.

"மாயவண்ணே," என்று கூப்பிட்டாள். டிங்.

தடுப்புப் பலகையில் ஒரு விரல் அகல இடுக்கு இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தாள். நாற்காலி இருந்தது. கார்டின் இரும்புப் பெட்டி இல்லை. கொடிகள் இல்லை. ஆள் இல்லை. அந்தப் பக்கத்துக் கதவு திறந்து கிடக்க, வெளியே பெட்டியின் முதுகில் விளக்கு மாட்டும் சங்கிலி காற்றில் ஆடி இரும்பில் தட்டியது.

டிங்.

கல்யாணமான புதிதில், நாராயணசாமி தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். கடைசித் தீப்பெட்டியின் மேல் அவள் பொட்டை எடுத்து ஒட்டி, "இந்த வெளக்கப் பாத்தாத்தான் வண்டி முழுசா வந்துட்ச்சின்னு ஸ்டேஷன்ல நம்புவாங்க. அப்பறந்தான் பின்னாடி நிக்கிற வண்டிய இந்த லைன்ல வுடுவாங்க" என்றான். அன்றைக்கு அந்தப் பொட்டை அவள் நெற்றியிலேயே திரும்ப ஒட்டி முத்தமிட்டான்.

விளக்கு எண்ணெய் தீர்ந்து அணையவில்லை. கழற்றியிருக்கிறார்கள். முன்னால் போன பெட்டிகளின் முதுகில் மாட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஸ்டேஷனைப் பொறுத்தவரை வண்டி முழுசாக வந்துவிட்டது.

இந்தப் பெட்டி, இந்த லைனில், இல்லை.

கதவை இழுத்தாள். அடுத்த கதவு. கம்பிகள். தோளால் மோதினாள். வயிற்றுக்குள் குழந்தை புரண்டது.

"இழுக்காத. தொறக்காது."

மூலையிலிருந்து வந்தது குரல். முக்காட்டுப் பெண் தூங்கவில்லை.

"எம்மா, எழுந்திரும்மா," அமிர்தத்துக்கு மூச்சு இரைத்தது. "ரெண்டு பேருமா சேந்து கத்தலாம். பின்னாடி வண்டி வரும். எங்க வூட்டுக்காரரு..."

"இன்ஜின்ல இருக்காரு."

"ஆமா."

"அரை மணி நேரம்னு சொன்னாரா?"

அமிர்தம் கதவை விட்டுத் திரும்பினாள்.

"இதே மேட்டுல, எனுக்கும் அப்ப ஆறு மாசம்," என்றாள் அந்தப் பெண். "ஜல்லியில சறுக்கிடும், எறங்காத காசின்னு சொன்னாரு."

காசியம்மாள். நாராயணசாமியின் முதல் சம்சாரம். மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்றுதான் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தான். சொல்லும்போது கண் கலங்கினான். அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் அமிர்தம் சம்மதித்தாள்.

மேற்கே, வெகு தொலைவில், விசில். நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. டியூட்டிக்குப் போகும்போதெல்லாம் குவார்ட்டர்ஸைத் தாண்டுகையில் அவளுக்காக மட்டும் அவன் அடிக்கிற விசில். போய்வருகிறேன் என்று அர்த்தம்.

"கெளம்பிட்டாரு," என்றாள் காசியம்மாள். "சேலத்துக்கு."

விசில் தேய்ந்தது.

பெஞ்சியின் மேலிருந்த தூக்குவாளி மூடி லேசாகக் கிலுகிலுத்தது. நின்றது. மறுபடி கிலுகிலுத்தது. நிற்கவில்லை. பெஞ்சிப் பலகை நடுங்கியது. தரை. கம்பி. அவள் பற்கள்.

கிழக்கே, பின்பக்கம்.

தோகைகளின் மேல் மறுபடி வெளிச்சம் விழுந்தது. சிவப்பு இல்லை. வெள்ளை.

கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

காசியம்மாள் சற்றே நகர்ந்து, பெஞ்சியில் இடம் விட்டாள்.

"வா, குந்து. கையக் குடு. சத்தம் கேக்கற வரைக்குந்தான் பயமா இருக்கும்."

நீட்டிய கை மேல் வெள்ளை வெளிச்சம் ஏறியது. விரல்களில், அமிர்தத்துக்கு இருந்த அதே இடத்தில், கரி படிந்த நான்கு விரல்தடங்கள். எண்ணெய் இன்னும் காயவில்லை.