முதல் டிராக்

அந்த டப்பிங் தியேட்டருக்குப் படியேறக் கூடாது, இறங்க வேண்டும். மேலே செருப்புக்கடை. பக்கத்தில் சாவி போடுகிறவன். இரண்டுக்கும் நடுவே இருட்டான வாசல். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு அக்கா வந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே வந்து கனத்த கதவைச் சாத்தியதும் தெருவின் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது.

சுவரெல்லாம் பஞ்சு. ஈரக் கம்பளம், பழைய சிகரெட், மைக்கில் யார் யாரோ தெளித்த எச்சில், எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. உள்ளே போனவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் அது தெரியாமல் போய்விடும். அக்காவுக்கு எப்போதோ தெரியாமல் போய்விட்டது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவு மேசையில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சோபாவில் டைரக்டர். அன்றைக்கு ஒரே ஒரு காட்சி பாக்கி. அதில் நடித்தவள் போன மாதம் செத்துப்போனாள். எப்படிச் செத்தாள் என்று ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள்.

அந்த நடிகைக்கு முதல் படத்திலிருந்து அக்காதான் குரல். நடிகையின் சொந்தக் குரல் தகரத்தை ஆணியால் கீறுவது போல இருக்கும். அதை எந்த டைரக்டரும் படத்தில் விட்டதில்லை. முகம் அவளுடையது, குரல் இவளுடையது. ஜனங்களுக்கு அது ஒரே ஆள். அக்கா கடையில் துவரம்பருப்பு என்று கேட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நடிகை ஒரு தடவை துணிக்கடையில் வாயைத் திறந்தபோது விற்கிற பெண் சிரித்துவிட்டாள். நீங்க பாக்க அவங்கள மாதிரியே இருக்கீங்க, ஆனா குரல்தான் காட்டிக்குடுத்துடுச்சு என்றாளாம்.

அன்று இரவே அக்காவுக்குப் போன் வந்தது.

"என் வாயை வச்சுப் பொழைக்கிற."

"உங்க வாய்க்கே நான்தாம்மா பொழைப்பு குடுக்குறேன்" என்றாள் அக்கா.

அதோடு சரி. இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. அக்காவுக்குப் புருஷன் விட்டுப்போய் வெகுநாளாகிறது. படிப்பில்லை. அவளிடம் இருந்தது அந்தத் தொண்டை ஒன்றுதான். ஐஸ் தண்ணீர் தொடமாட்டாள், தூசி பறக்கும் தெருவில் போகமாட்டாள், தம்பியிடம் சண்டை போட்டால்கூடக் குரலை உயர்த்தமாட்டாள். சண்டையெல்லாம் சைகையில்தான்.

வேலை முறை எளிது. படப்பிடிப்பில் நடிகை பேசியது ஒரு டிராக்கில் இருக்கும். அதற்குப் பைலட் என்று பெயர். டப்பிங் பேசுகிறவள் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டு, திரையில் அசையும் உதட்டைப் பார்த்து, அதே நேரத்தில் பேச வேண்டும். புதுக் குரல் அடுத்த டிராக்கில் பதிவாகும். வேலை முடிந்ததும் பைலட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். முதல் டிராக் செத்த டிராக், இரண்டாவதுதான் உயிர் என்று தம்பி வேடிக்கையாகச் சொல்வான். அன்று சொல்லவில்லை.

காட்சி இதுதான். மழையில் நனைந்து வந்த ஒருத்தி மூடிய கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறங்க, நான்தான் வந்திருக்கேன், என்னைத் தெரியலையா என்கிறாள். கதவு திறக்கவில்லை. அலறுகிறாள். அவ்வளவுதான்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் முகம் வந்தது.

முதல் தடவை அக்கா வசனத்தின் பாதியிலேயே கையைத் தூக்கிவிட்டாள். பைலட் தள்ளி வருகிறது என்றாள். தம்பி சரிபார்த்தான். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் நிறுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, அவ எனக்கு முன்னாடி பேசல. நான் பேசினதுக்கு அப்புறம் பேசுறா."

"அக்கா, அது எப்படி வரும்?"

"என்னைக் கேட்டா? நான் சொல்லிமுடிக்கிறேன், அவ திருப்பிச் சொல்றா. பாடம் படிக்கிற மாதிரி."

டைரக்டர் சிரித்தார். செத்தவளுக்கு இப்பவாச்சும் ஒழுங்காப் பேச ஆசை வந்திருக்கே என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கால்ஷீட் முடிஞ்சிடும், ஓட்டு என்றார். அக்கா பைலட் இல்லாமல் பேசுகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். கூடாது என்றார். அந்த மூச்சு வேண்டுமாம். மூச்சு எங்கே இழுக்கிறாள், எங்கே விடுகிறாள் என்று கேட்டுக் கேட்டுப் பேச வேண்டுமாம்.

மூன்றாவது தடவை அக்கா நிறுத்தவில்லை. கதவைத் திறங்க என்றாள். மேசையின் ஸ்பீக்கரில் குரல் நிறைந்து வந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா அப்படிப் பேசித் தம்பி கேட்டதில்லை.

நான்தான் வந்திருக்கேன்.

அக்காவின் இடது கை ஹெட்ஃபோனைக் கழற்றப் பார்த்தது. அது வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருப்பது போல.

வசனத்துக்கு நடுவே, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தள்ளிக்கோன்னு சொல்றாடா."

தம்பி நிறுத்தும் பட்டனை அழுத்தினான்.

படம் ஓடிக்கொண்டிருந்தது.

என்னைத் தெரியலையா?

பிறகு அலறல். அறை முழுக்க அந்த அலறல். பஞ்சுச் சுவர் விழுங்கியும் மிச்சம் இருந்தது. டைரக்டர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார், கண்ணில் தண்ணீர். தம்பி கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தான்.

அவள் வாய் மூடியிருந்தது.

இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அலறல் நிற்கவில்லை.

திரையில் காட்சி முடிந்து கறுப்பு வந்த பிறகுதான் நின்றது. தம்பி கதவை உதைத்துத் திறந்து உள்ளே ஓடினான். அக்கா கம்பளத்தில் சரிந்து கிடந்தாள். மூச்சு இருந்தது. எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. முனகல் இல்லை, இருமல் இல்லை. தொண்டையைச் செருமினாள், அதற்கும் சத்தமில்லை.

டைரக்டர் மேசையில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு முதல் டிராக்கில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவதை அழுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன் என்று தம்பி இன்றுவரை சொல்கிறான். இரண்டாவது டிராக்கில் ஒரு கோடு, செத்தவன் நெஞ்சைக் காட்டும் திரையில் ஓடுமே, அந்த மாதிரி நேர்கோடு. முதல் டிராக்கில் நடிகையின் தகரக் குரல் இல்லை. அங்கே அக்கா இருந்தாள். முழுசாக.

டாக்டர்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். அருமையான தொண்டை, எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள். ஒருவர், வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா என்று தம்பியிடம் கேட்டார்.

தம்பி டைரக்டர் வீட்டுக்குப் போனான். அந்தப் பதிவை அழித்துவிட்டேன், காட்சியைப் படத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டான். அவர் தன்னிடம் பிரதி இருப்பதைச் சொன்னார். காலில் விழுந்தான். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"உங்க அக்காவுக்கு வருத்தப்படுறேன்பா, நிஜமா. ஆனா டிக்கெட் வாங்குறவன் யாரு பேசினா, யாரு செத்தான்னு கேக்க மாட்டான். அவன் வீட்ல அழ முடியாதத இங்க வந்து அழுவான். அவனுக்கு அது வேணும். இந்த மாதிரி ஒரு அலறல் எனக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது."

படம் வந்தது. கூட்டம் அம்மியது. தம்பி ஒரு மதியக் காட்சிக்குப் போய் நடுவரிசையில் உட்கார்ந்தான். அந்த இடம் வந்ததும் தியேட்டரே விசும்பியது. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சிந்திவிட்டு, செத்தாலும் குரல் அப்படியே இருக்கு பாருங்க என்றார். திரையில் நடிகை கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அழுகை இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. கண் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். மத்தியானம் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று, சுவரைப் பார்த்து வாயை வாயை அசைத்ததாகச் சொன்னாள். கூப்பிட்டாலும் திரும்பவில்லையாம்.

சாயங்காலக் காட்சி நேரத்துக்கு மறுபடி ஆரம்பித்தது. தம்பி கண்ணால் பார்த்தான்.

உதடு வசனத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது அவன் தொழில். தப்பவே முடியாது. கதவைத் திறங்க. நான்தான் வந்திருக்கேன். பிறகு வாய் முழுக்கத் திறந்து, சத்தமில்லாமல், தாடை நடுங்க நடுங்க. அக்காவின் கண் அவனைப் பார்த்து நிறுத்துடா என்றது. அவன் கையால் அவள் வாயைப் பொத்தினான். உள்ளங்கைக்குள் உதடு மீன் போலத் துள்ளியது.

ஒவ்வொரு காட்சிக்கும் இதே கதி. படம் கடல் தாண்டிப் போனது. பாஷை தெரியாதவர்களும் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டே அழுதார்களாம். பேப்பரில் போட்டிருந்தார்கள். அதன் பிறகு நேரம் காலம் இல்லாமல் போயிற்று. அங்கே சாயங்காலம் என்றால் இங்கே விடிகாலை. வாய்க்குக் கொண்டுபோன சோறு கீழே சிந்தும். உதட்டோரம் வெடித்துப் புண்ணாகி, காய்ந்து, மறுபடி வெடித்தது. பஞ்சில் எண்ணெய் தொட்டு வைப்பதைத் தவிர அவனால் எதுவும் முடியவில்லை.

எந்தப் படமும் ஒருநாள் தியேட்டரை விட்டுப் போகத்தான் வேண்டும். இதுவும் போனது. அக்காவின் வாய் நின்றது. குரல் வரவில்லை, ஆனால் புண் ஆறியது. கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்தாள். ஒரு நாள் தம்பியின் சட்டைக் கிழிசலைக் காட்டி முகத்தைச் சுளித்து, பழையபடி சைகையில் திட்டினாள். அவன் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தான்.

நேற்றுப் பகலில் துணி மடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

உதடு அசைந்தது.

எங்கோ யாரோ ஒருவர், தன் வீட்டில், தனியாக அந்தப் படத்தைப் போட்டிருக்க வேண்டும். தம்பி அவள் முன்னால் மண்டியிட்டு முகத்தைப் பிடித்துக்கொண்டான். கதவைத் திறங்க. நான்தான். என்னைத் தெரியலையா. அலறல். முடிந்தது. இனி நிற்கும் என்று காத்திருந்தான்.

நிற்கவில்லை.

கறுப்பு வர வேண்டிய இடத்தில் உதடு தொடர்ந்து அசைந்தது. நிதானமாக. படத்தில் அங்கே வசனம் கிடையாது. யாரும் எழுதியதும் இல்லை, அவன் பதிவு செய்ததும் இல்லை. அக்காவின் கண்கள் பயத்தில் விரிந்திருந்தன. வாய் மட்டும் சிரித்துக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அவனிடம் அல்ல. எங்கோ படம் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஆளிடம்.

உன் குரல் நல்லா இருக்குமா? எங்க, கொஞ்சம் பேசு.