இரண்டாவது கையெழுத்து

"மே டே! மே டே!"

டெல்லி கண்ட்ரோல் டவரின் ஸ்பீக்கர் அலறியது. காலை ஒன்பது நாற்பது.

"இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் சாயுது! சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது!"

பைலட் விஜயனின் குரல். சென்னைக்குக் கிளம்பிய ஜெட். சிப்பந்திகளையும் சேர்த்து உள்ளே நூற்றுப் பதினெட்டு உயிர்கள்!

கோளாறா... சதியா?

ரிப்பேர் முடிந்து அன்று காலைதான் ஹாங்கர் கொட்டகையை விட்டு வெளியே வந்த விமானம். விடுவார்களா? அடுத்த ஐந்தாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் ஜ்யோத்ஸ்னாவின் ஜீப் ஹாங்கர் வாசலில் வந்து நின்றது.

ஜ்யோத்ஸ்னா டெல்லி கிட்வாய் நகரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகவே பேசுவாள். படிக்கச் சொன்னால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

"அந்த பிளேன்ல கடைசியா கை வெச்சது யாரு? ஜல்தி!"

"நாங்கதான் மேடம்..."

இன்ஜினியர் பெலிக்ஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். சொந்த ஊர் நாசரேத். இப்போது டெல்லி துவாரகாவாசி.

"இறக்கைக்குப் போற கேபிளை மாட்டினது மதியழகன். சரியா மாட்டியிருக்கான்னு செக் பண்ணினது நான்."

"மதியழகன் எங்க?"

"ஷிப்ட் முடிஞ்சி மெட்ரோல போறான். லைன் கிடைக்க மாட்டேங்கு."

"நீங்க ஒழுங்கா செக் பண்ணீங்களா?"

"பண்ணாம கையெழுத்துப் போடுவனா மேடம்?"

விமானத்தைத் திருப்பும் பாகத்தில் கை வைத்தால் இரண்டு கையெழுத்து வேண்டும். வேலை செய்தவனுடையது ஒன்று. செய்யாத இன்னொருவனுடையது ஒன்று. ஒருவன் காக்பிட்டில் உட்கார்ந்து திருப்ப, மற்றவன் கீழே நின்று இறக்கை எப்படி அசைகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். காக்பிட்டில் இருப்பவன் கண்ணுக்கு இறக்கை தெரியாது!

"கேபிள் சரியாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும் மேடம்."

பச்சைப் பொய்!

அந்தப் பொய் டவர் வழியாக ஆகாயத்துக்குப் போனது. விஜயன் அதை நம்பிக் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். விமானம் முன்னைவிட மோசமாகப் புரண்டது. ஒரு குழந்தைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த பணிப்பெண் ஷ்ருதி கூரையில் மோதி விழுந்தாள்.

இருபத்து மூன்று வயது. எழுந்திருக்கவே இல்லை, பாவி மகள்!

வாக்கி டாக்கியில் சேதி வந்தது. ஜ்யோத்ஸ்னா பெலிக்ஸைப் பார்த்தாள். அவன் காலி டீ கிளாஸை எடுத்து, குடிப்பதுபோல் வாயில் வைத்தான்.

'இவன் எதையோ முழுங்குறான்...'

அவள் ஆபீஸ் அறைக்குள் போனாள். அவனுடைய ஃபைலைப் புரட்டினாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"பெலிக்ஸ்... உங்க ஒய்ஃப் பேரு பிலோமியா? நர்ஸா?"

"ஆமா. ஏன் மேடம்? டியூட்டில இருக்கா."

"இல்லை... ஸ்டாஃப் டிக்கெட்ல கடைசி நிமிஷம் ஏறியிருக்காங்க. அதே பிளேன்."

"சும்மா சொல்லாதீங்க!"

போன் போட்டான். ஸ்விட்ச்டு ஆஃப்!

"ஆண்டவரே...!" தலையில் அடித்துக்கொண்டான். "கேபிள் மாறித்தான் இருக்கணும் மேடம்! இடதும் வலதும் மாறியிருக்கும்! நான் பாக்கலை... கீழே இறங்கிப் போகவே இல்லை!"

"என்னது?"

"பத்து வருஷமா மதி எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி. திரும்பவும் செக் பண்ணினா, 'என்னை நம்பலியால'ன்னு மனசு சங்கடப்படுவான். டீ குடிச்சிக்கிட்டே போட்டுட்டேன்..."

நட்பாம், மரியாதையாம்! வெட்கக்கேடு!

ஜ்யோத்ஸ்னா டவர் வழியாகப் பைலட்டோடு இணைத்த வாக்கி டாக்கியை அவன் வாயருகே திணித்தாள்.

"கம்ப்யூட்டரைத் தொடாதீங்க சார்!" பெலிக்ஸ் கதறினான். "இடது பக்கம் போகணும்னா வலது பக்கம் திருப்புங்க! மெதுவா... எல்லாமே தலைகீழ்!"

பத்து இருபதுக்கு விமானம் ரன்வேயில் குதித்து, தள்ளாடி, நின்றது. டவரில் ஆண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

மத்தியானம். போலீஸ் ஸ்டேஷன்.

நர்ஸ் உடுப்போடு ஓடி வந்தாள் பிலோமி. பெலிக்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

"தப்பிச்சிட்டியே பிலோமி... நல்லவேளை தப்பிச்சிட்டியே!"

"எதுலருந்து? நான் காலைலருந்து ஆபரேஷன் தியேட்டர்லல்லா நிக்கேன்! போனை அணைச்சு லாக்கர்ல வெச்சிருந்தேன்."

பெலிக்ஸ் மெல்லத் திரும்பினான்.

"அப்ப... நீங்க சொன்னது...?"

"பொய்," என்றாள் ஜ்யோத்ஸ்னா.

நடந்ததை அவளே பிலோமிக்குச் சொன்னாள். பிலோமி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளை எப்போ விழுந்துச்சு மேடம்?"

"ஒன்பது அம்பத்திரெண்டு."

"இவுக எப்போ உண்மையைச் சொன்னாக?"

"பத்து மணிக்கு."

கணவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"நான் அந்த பிளேன்ல இல்லைன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கவே மாட்டீங்க... அப்படித்தானே?"

அவன் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதானங்க... பெத்தவ எப்படித் தாங்குவா?"

பிடித்திருந்த கையை மெதுவாக விலக்கிக்கொண்டாள். நாள் முழுக்க உயிரைக் காப்பாற்றும் கை அது. அவன் மறுபடி பிடிக்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பெலிக்ஸுக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"பொய் சொல்லி வாக்குமூலம் வாங்கியிருக்கீங்க!" ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்துக் கத்தினான். "கோர்ட்ல உங்கமேல கேஸ் போடுவேன்!"

ஜ்யோத்ஸ்னா தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவள் கண்களும் சிவந்திருந்தன.

"அச்சா... தாராளமா போடுங்க சார். நான் பொய் சொன்னதுக்கு சாட்சி வேணும்னா... நூத்திப் பதினேழு பேர் உசிரோட இருக்காங்க!"