பால்சுறா வயிற்றில் விட்ட மைக்

வரிக்கு முன்னால் கோடு போட்ட பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

எழிலரசன் பாட்டுக் கட்டும் விதமே தனி. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஒரு ஓசை ஓடும்; அந்த வரிக்கு முன்னால் இரண்டு கோடு போட்டால் வாயை மூடிக்கொள்ளும். நாளைக்குப் பெண்டாட்டி சிவசங்கரிக்கு வளைகாப்பு. வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படியேறித் தங்கிய பிள்ளை. அதன் நெஞ்சுத் துடிப்பையே தாளமாக வைத்துப் பாட்டுப் போடணும் என்று மனுஷனுக்கு ஆசை. நல்ல ஆசைதான். கூடவே கடலின் ஓசையையும் கலக்கணும் என்று தோன்றியதே, அதுதான் வினை.

காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு பால்சுறா வயிறு கிழிந்து கிடந்தது. பிள்ளையின் துடிப்பைப் பிடிக்க வயிற்றில் ஒட்டிவைக்கும் சின்ன மைக்கை அதற்குள் விட்டான்.

"தம்பி, கைய எடு! செனச் சுறா அது. உள்ள குட்டிங்க ஒண்ண ஒண்ணு தின்னுகினு கெடக்குது," என்று மீன் அறுக்கும் சின்னப்பாப்பா கத்தினாள்.

அவன் சிரித்தான். கொழகொழவென்று நூல் விட்டு வழிந்த மைக்கை லுங்கியில் துடைத்தான். வெறும் லுங்கியில், பாவி! வீட்டுக்கு வந்து அதையே பெண்டாட்டி வயிற்றில் ஒட்டித் துடிப்பைப் பதிந்தான்.

இப்போது, ஜன்னல் சாத்திய மத்தியானப் புழுக்கத்தில், மூக்கைத் துடைத்தாலும் போகாத மீன் கவிச்சிக்கு நடுவே, துடிப்புக்கு அடியில் அந்தச் சத்தம் ஊறிக்கொண்டே இருந்தது: பல்லுப்போன வாய் இறைச்சியைக் குதப்பிக் குதப்பி, எச்சிலோடு விழுங்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் குதப்புகிற மாதிரி. சீ! சுறா வரியை அடைத்தான். சுறாவின் பதிவையே அழித்தான். போகவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வரி. பிள்ளையின் வரி.

திரும்பத் திரும்ப ஓடுவது ஒரே பதிவுதான். ஆனாலும் சுற்றுக்குச் சுற்று துடிப்பு மெலிந்தது. குதப்பல் பெருத்தது. கடைசியில் துடிப்பே இல்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். நின்றது. அப்பாடா!

இல்லை. சமையலறையில் கேட்டது.

"என்னாங்க," சிவசங்கரி கூப்பிட்டாள். "புள்ள ஒரே ஆட்டம். வந்து கைய வெச்சிப் பாருங்களேன்."

அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. தொப்புளில் கஞ்சி நிறத்தில் என்னவோ கசிந்து நைட்டியை நனைத்திருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை. அவன் பின்வாங்குவதற்குள் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

சூடு. ஈரம். நாற்றம்.

உள்ளே மெல்லுவது நின்றது. எதையோ விழுங்கியது. பிறகு தோலுக்கு அடியில் சின்னச் சின்னதாக ஒரு வரிசைப் பற்கள் எழும்பின.

"பாத்தீங்களா, அப்பா கைன்னதும் ஓடியாருது!"

பற்கள் மெதுவாக அவன் விரல்களை நோக்கி நகர்ந்தன.