அதற்கு ஒரு வாய்

பிடுங்கிய முதல் பல் சூடாக இருந்தது.

வெயில் என்று நினைத்தார் இஸ்மத் ஹாஜி. ஆனால் சேணக்காரர் வாசல் என்னும் பழைய கோட்டை வாயிலின் வளைவுக்குள் வெயில் நுழைந்ததே இல்லை. கெய்ரோ முழுவதும் கொதிக்கும் பிற்பகலிலும் அங்கே ஈரக்கல்லும் துருவும் கழுதை மூத்திரமும் கலந்த குளிர்தான். பல்வலி வந்த கூட்டமெல்லாம் அந்தப் பழைய மரக்கதவின் விரிசல்களில், வலி தீரட்டும் என்று, தன் சொத்தைப் பல்லைச் செருகிவிட்டுப் போயிருந்தது. ஒருகாலத்தில் இந்தக் கதவின் சாவியை இடுப்பில் கட்டியிருந்த குடும்பம் அவருடையது. நாளை மகள் நாஸ்லியின் கல்யாண ஊர்வலம் இதன் வழியாகப் போகும். அலெக்சாந்திரியாச் சம்பந்திகள் இந்த அசிங்கத்தைப் பார்த்துச் சிரிப்பதா? அடுத்த பல்லில் இடுக்கியை மாட்டினார்.

வளைவோரம் தேநீர் விற்கும் உம்மு ஷவ்கி எழுந்து வந்தாள்.

"வலியோட சேத்துக் கதவுக்குக் குடுத்தது, ஹாஜி. புடுங்குனா அதுக்கு ஒரு வாய் வேணும்."

"ஒன் பொக்க வாய் காலியாத்தான கெடக்கு. வச்சுக்க."

அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவின் மறுபக்கம் போய்விட்டாள்.

நெஞ்சு உயரத்தில் ஒரு தங்கப் பல். முனை பிறையாகத் தேய்ந்திருந்தது. அவருடைய அப்பாவின் பல். நைலில் விழுந்துவிட்டதாக அப்பா சாகும்வரை சொன்ன பல். இந்தக் கும்பலோடு கும்பலாக அப்பாவும் இங்கே வந்து கெஞ்சியிருக்கிறார். இஸ்மத் ஹாஜிக்கு முகம் எரிந்தது. இரண்டு கையாலும் திருகி இழுத்தார். கதவுக்குள் எங்கோ யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

மரம், என்று சொல்லிக்கொண்டார். பழைய மரம்.

எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து கோட்டுப் பையில் போட்டார். வீட்டில் எடுத்துப் பார்த்தபோது முடிச்சு போட்டபடியே இருந்தது. பிரித்தால் உள்ளே ஒன்றுமில்லை. துணி மட்டும் எச்சிலில் நனைந்திருந்தது.

நாஸ்லியின் அறையில் கடக், கடக். கல்யாணத்துக்கு வாங்கிய சர்க்கரை பூசிய பாதாமைக் கடிக்கிறாள் என்று கதவைத் தட்டி அதட்டினார். சத்தம் நின்றது. மெதுவாக மறுபடி தொடங்கியது. திரும்பினார். பாதாம் பெட்டி கூடத்து மேசையில் இருந்தது. பிரிக்காமல்.

மறுநாள் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. கல்யாணக் கூச்சம் என்றார்கள் பெண்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வளைவுக்குள் மேளம் அதிர்ந்தது. கதவு துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. சம்பந்தியம்மாள் மணப்பெண்ணின் முகத்திரையைத் தூக்கினாள்.

"சிரிம்மா. ஒங்க வீட்டுச் சிரிப்ப எங்க ஆளுங்க பாக்கட்டும்."

நாஸ்லியின் கண்களில் நீர் வழிந்தது. அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். வேண்டாம்.

உதடுகள் தாமாகவே விரிந்தன.

மஞ்சள். கறுப்பு. சொத்தை. வரிசைக்குப் பின் வரிசை, தொண்டை வரை.

நடுவில், பிறையாகத் தேய்ந்த தங்கம்.