பச்சையாய் உதிர்ந்த பெரணி

வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, எதிர்வீட்டு லெஸ் ஹார்கிரேவ் தெருவைக் கடந்து வந்து நைரியின் கதவைத் தட்டினார். வைகாட்டோ ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி ஹாமில்டன் நகரத்தையே விழுங்கியிருந்தது. கிழவர் கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சின்னச் சின்ன இலைகள், டப்பா நிறைய.

"கொலை," என்றார். "ரெண்டே ராத்திரியில இவ்வளவும் கொட்டியிருக்கு. யார்னு எனக்குத் தெரியும். நீ நிரூபிச்சா போதும்."

நைரி போலீஸில் துப்பறியும் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு யாராவது இப்படி வந்து நின்றிருந்தால் சிரித்துவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பாள். ஆனால் இது லெஸின் மறைந்த மனைவி பெரில் வளர்த்த பெரணிச் செடி. மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் உயிர் போவதற்கு முன் பெரில் புருஷனிடம் கடைசியாகச் சொன்னது, "பெரணியைப் பாத்துக்கோங்க" என்பதுதான். அன்பாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற ரகம் இல்லை அவள். கிடைத்த ஒரே வார்த்தையை லெஸ் சத்தியமாக எடுத்துக்கொண்டார்.

அவர் சந்தேகம் மருமகள் கிரி மேல். மகன் கடல் தாண்டி பெர்த் பக்கம் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். இவள் கிழவருக்காக இங்கேயே தங்கி, தினமும் சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்து வைத்து, செடிக்கும் தண்ணீர் ஊற்றிப் போவாள். வீட்டுச் சாவி இரண்டு பேரிடம்தான். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று அவள் போன மாதம் கேட்டிருக்கிறாள். பெரணி இருக்கும்வரை நகரமாட்டேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். போதாதா காரணம் என்று கேட்டார். நேற்று அவளைக் கண்டபடி பேசி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாராம். சனிக்கிழமை அவள் புருஷனிடம் போக விமானம் ஏறுகிறாள்.

பழி அப்படியே நின்றுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை முதல் இந்த மனுஷனுக்குக் கதவைத் தட்ட ஒரு ஆள் கிடையாது. கோட்டை மாட்டிக்கொண்டு அவரோடு போனாள்.

பெரணி இருந்தது முன்னறையில். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் அறை அது. குளிர் வந்ததும் லெஸ் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தார்; கதவையும் சாத்தியே வைப்பாராம், பெரணிக்குக் குளிரக் கூடாதென்று. கணப்புத் திட்டின்மேல் துக்க அட்டைகள் நின்றன. சோபாவுக்குப் பின்னால் தெருக்காரர்கள் கொடுத்த பைகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. மே மாதத்தில் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடிக்கிற மணம்தான் இங்கேயும். பூச்சாடியில் இளஞ்சிவப்புக் கார்னேஷன் பூக்கள் இதழைச் சுருட்டிக்கொண்டு தூங்கி வழிந்தன.

"பெரில் பிறந்தநாளுக்குன்னு செவ்வாக்கிழமை அவ வாங்கிட்டு வந்தது," என்றார் லெஸ். "ரெண்டு நாள் தாங்கல. வாங்கினவ மாதிரியே பூவும்."

நைரி செடி முன்னால் முட்டி போட்டாள். பெரணி விஷயத்தில் அவள் கைதேர்ந்தவள், அதாவது மூன்றைக் கொன்றவள். ஒன்றை ஊற்றி ஊற்றியே கொன்றாள். அது மஞ்சளாகி அடித்தண்டு கூழாகிப் போனது. இன்னொன்றைத் தாகத்தில் விட்டாள். அது அப்பளமாய் நொறுங்கியது. மூன்றாவதை ஹீட்டர் பக்கத்தில் வைத்தாள், ஓரமெல்லாம் கருகிற்று. இங்கே மூன்றில் ஒன்றுமில்லை. மண் பிழிந்த துணி மாதிரி அளவான ஈரத்தில் இருந்தது. கீற்றைத் தொட்டால் இலை பொலபொலவென்று உதிர்ந்தது, அதுவும் பச்சையாகவே.

இலை முதுகில் பழுப்புப் பொட்டுகளைக் காட்டி, விஷப் பொடி என்றார் லெஸ். வரிசை பிசகாமல் பொட்டு வைத்துப் போகிற கொலைகாரியை நான் பார்த்ததில்லை, அது பெரணியின் விதைத்தூள் என்றாள் நைரி. பிறகு தொட்டியைக் கவிழ்த்து வேரை முகர்ந்தாள். வெளிறிய நல்ல வேர். மண்வாசனை தவிர வேறில்லை. பிளீச்சோ உப்போ ஊற்றியிருந்தால் முதலில் வேர்தான் செத்திருக்கும்.

அங்கிருந்து நேராகக் கிரியின் வீட்டுக்குப் போனாள். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"செடிக்கு என்ன ஊத்தின?"

"குழாத் தண்ணி."

"எவ்வளவு?"

"விரலை விட்டுப் பாப்பேன். மேல் மண் காஞ்சிருந்தாத்தான் ஊத்துவேன். அத்தை சொல்லிக் குடுத்த மாதிரி."

"அந்தப் பூ?"

"மொட்டாத்தான் வாங்கினேன். பதினஞ்சு நாள் நிக்கும்னு சொல்லித்தான் குடுத்தான்."

கை கழுவக் குளியலறைக்குப் போன நைரி, ஜன்னலோரம் ஒரு சின்னத் தொட்டியைக் கண்டாள். பெரணிதான். ஒரு இலை உதிராமல் செழித்து நின்றது.

"அத்தை ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி பிரிச்சுக் குடுத்தாங்க," என்றாள் கிரி, வாசலில் நின்றபடி. "மாமாகிட்ட சொல்லல. சொன்னா அதையும் திருடினேன்னு சொல்வார்."

ஆக, ஒரே தாய்ச்செடி, ஒரே தண்ணீர், ஊற்றியதும் ஒரே கை. ஒன்று வாழ்கிறது, ஒன்று சாகிறது. அந்த வீட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்று நைரிக்குத் தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. மேஜைமேல் ரொட்டி இருந்தது, தேன் இருந்தது. பழம் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கிரி கேட்கவில்லை. இந்த மாதத்தில் அதைக் கேட்காத வீடு ஊரில் கிடையாது.

தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது மணம். கிரியின் வீட்டில் குறைந்தது இதுதான். தினமும் அதற்குள்ளேயே கிடந்த மூக்குக்கு அது மணமாகவே தெரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரையும் முன்னறையில் உட்காரவைத்தாள். கிரியைச் சம்மதிக்கவைத்துக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லெஸ் மருமகளைப் பார்க்காமல் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்டெல்லாம் மொட்டையாகிவிட்டிருந்தது.

"கொலையாளி இந்த அறையிலேயே இருக்கான்," என்றாள் நைரி. "ஒருத்தன் இல்ல, ஒரு கூட்டம்."

சோபாவை இழுத்து, ஒரு பையைக் கார்ப்பெட்டில் கவிழ்த்தாள். முட்டை அளவுப் பச்சைப் பழங்கள் உருண்டோடின. ஃபீஜோவா. அடியில் கிடந்தவை கனிந்து நீர் விட்டிருந்தன. இந்தப் பருவத்தில் ஊரில் எல்லார் கொல்லையிலும் கொட்டிக் கிடக்கும். கண்ணில் பட்டவர் கையிலெல்லாம் ஒரு பையைத் திணிப்பார்கள்.

பழுக்கிற பழம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவை விடும் என்று விளக்கினாள். வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கிறார்களே, அதே சூட்சுமம். காற்றோட்டமுள்ள இடத்தில் ஒன்றும் செய்யாது. அடைத்த அறையில் தேங்கினால் பெரணி பச்சை இலையையே உதிர்க்கும். கார்னேஷன் அதற்கு முன்பே கண்ணை மூடிவிடும். அவள் போலீஸ் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பூக்கடைக்காரர், போட்டிக் கடைக்காரன் தன் சரக்கில் மருந்து வைத்துவிட்டான் என்று புகார் கொடுத்தார். கடைசியில் பார்த்தால், அவரே குளிரறையில் ஒரு பெட்டி ஆப்பிளை வைத்து மறந்திருந்தார்.

"அந்தப் பூ செவ்வாய்க்கிழமை மொட்டா உள்ள வந்துச்சு, லெஸ். கூடவே செத்துச்சு. அது ஒண்ணுதான் சாட்சி. நீங்க மலிவுப் பூன்னு தள்ளிட்டீங்க, நானும் அப்போ விட்டுட்டேன்."

"இத்தனை பையை ஏன் இங்க வெச்சிருக்கீங்க மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள் கிரி.

லெஸ் உருண்ட பழங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பெரில் இருந்தவரை எந்தப் பையும் வெறுமனே திரும்பிப் போனதில்லை. பழம் வந்த பைக்குள் சட்னி பாட்டில் போட்டுத்தான் கொடுத்தனுப்புவாள். அவருக்குச் சட்னி செய்யத் தெரியாது. வெறும் பையை நீட்ட வெட்கம். பெரிலுக்காகக் கொடுத்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை. வந்தவர் கொடுத்த பொருளுக்கு முன்னறைதான் இடம் என்று கொண்டுவந்து வைத்தார். குளிர் படாமலிருக்க ஜன்னலை ஒட்டினார். அவர் செய்தது எல்லாமே பெரிலுக்காகத்தான், பெரணிக்காகத்தான்.

"பச்சைக் கோடு போட்ட பை என்னோடது," என்றாள் நைரி. "ஆறுதல் சொல்ல வார்த்தை வரல. பழத்தைக் குடுத்துட்டு ஓடிட்டேன். தெருவே அப்படித்தான் செஞ்சிருக்கு."

கிழவர் முகம் உடைந்தது. அழப் பழகாதவர்கள் அறுபது வயதுக்கு மேல் அழுவதைப் பார்ப்பது கொடுமை. நைரி எழுந்து ஜன்னல் டேப்பைக் கிழிக்கத் தொடங்கினாள். தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கணும், பழம் எதுவும் கிட்டத்தில் கூடாது, மொட்டைத் தண்டுகளை அடியோடு வெட்டிவிட்டு, ஈரக் கூழாங்கல் தட்டுமேல் தொட்டியை வைத்துப் பொறுமையாக இருக்கணும் என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னாள். பிழைக்குமா என்றார் லெஸ். வேர் நன்றாக இருக்கிறது, வசந்தத்தில்தான் தெரியும் என்றாள்.

"உன்னை என்னெல்லாம் சொன்னேன்," என்றார் லெஸ், கிரியிடம்.

"சொன்னீங்க மாமா. எல்லாம் ஞாபகம் இருக்கு." அவள் குரலில் மன்னிப்பு இல்லை, கோபமும் தீர்ந்திருந்தது. "நாளைக்குப் போறதை மாத்த முடியாது. அவரும் அங்க தனியாத்தான் இருக்கார்."

வெளியே காருக்குப் போய், குளியலறைத் தொட்டியோடு திரும்பி வந்தாள். அதன் கீற்றுகளைப் பார்த்த மாத்திரத்தில் லெஸுக்குத் தெரிந்துவிட்டது, அது யார் பிள்ளையென்று.

"அத்தை குடுத்தது. செடியோட அந்த ஊருக்குள்ள விடமாட்டாங்க, ஏர்போர்ட்லயே பிடுங்கிப் போட்டுடுவாங்க. நீங்க பாத்துக்கறீங்களா?"

லெஸ் இரண்டு கையாலும் வாங்கி, திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தார். பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பிறகு சட்டைப் பையைத் துழாவி, புதன்கிழமை பிடுங்கிய சாவியை எடுத்து மருமகள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடிவிட்டார். விடிந்தால் கடல் தாண்டிப் போகிறவளுக்கு அந்தச் சாவி எதற்கு என்று மூவரில் யாரும் கேட்கவில்லை.