பெண் பதில் சொன்னால்தான்

மூன்றாம் தடவையும் பதில் வந்தது!

நெலிதா ஓரடி முன்னே வைத்தாள். கையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் எறும்புக்குருவியின் பாட்டை மறுபடி போட்டாள். புதருக்குள்ளிருந்து அதே பாட்டு... இன்னும் பக்கத்தில். இந்த மோயோபம்பா மலைகளை விட்டு வேறெங்கும் போகாத குருவி. மூச்சைப் பிடித்துக்கொண்டு இலைகளை விலக்கினாள்.

உள்ளே முழங்காலிட்டபடி ஒருவன். அவன் கையிலும் ஸ்பீக்கர்!

"அட... குருவின்னுல்ல நினைச்சேன்!" என்றாள்.

"நானும்தான்! இவ்வளவு நேரம் உங்களுக்கா பாடிட்டிருந்தேன்?"

"நல்லாத்தான் இருந்துச்சு..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை சொட்டும் இமைகளுக்குள் அந்தக் கண்கள்... சீ, என்ன இது!

"நான் எல்மெர். இது எங்கப்பா காடு."

சிரிப்பு அப்படியே நின்றது. இங்கே அந்தக் குருவி இருக்கிறது என்று அவன் அனுப்பிய ஆண்குருவியின் படத்தை, பறவை வழிகாட்டிகள் கூட்டத்தில் "வெறும் கனவு" என்று அடித்துச் சொன்னவள் அவள்தான். அதைக் கேட்டு அவன் அண்ணன், குருவி இல்லாத காடு எதற்கென்று நாளைக்கே காட்டை வெட்டிக் காபி வைக்க ஆள் சொல்லிவிட்டானாம். மனசு உறுத்தத்தான் யாருக்கும் தெரியாமல் வந்திருக்கிறாள். ஆனால் அதைச் சொல்ல வாய் வந்தால்தானே!

மழை வலுத்தது. ஒரே வாழையிலைக்கடியில் ஒண்டினார்கள். அவன் இலைச்சோற்றைப் பிரித்துப் பாதியை நீட்டினான்.

"இதே மாதிரி இன்னொரு குருவியும் இருக்கு. ரெண்டு இனத்துலயும் ஆண் ஒரே சாம்பல்தான்," என்றாள் தலை நிமிராமல். "பொண்ணு பதில் சொல்லணும். அதோட தொண்டை வெள்ளையான்னு பாக்கணும். அப்பதான் நிச்சயம்."

மழை ஓய்ந்தது. மேலே ஆண்குருவி பாடியது. கீழிருந்து மெல்லிய பதில்... பழுப்பு நிறத்தில் ஒரு துளி கொடியில் வந்து உட்கார்ந்தது. தொண்டை பால்வெள்ளை!

"அதேதான்! படம் எடுங்க, சீக்கிரம்!" அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். எடுத்தான். குருவி பறந்தது. அவள் கண் கலங்கியது.

"கூட்டத்துல உங்களைப் பொய்யனாக்கினது நான்தான்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"கடைசி வரிசையில நின்னேன். சண்டை போடத்தான் அங்க வந்தேன்... உங்க குரலைக் கேட்டதும் திட்டு எனக்குத்தான்னே மறந்துபோச்சு. இதை இன்னிக்கு முதல்லயே சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பீங்க."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வாங்க, உங்க அண்ணன்கிட்ட போலாம். தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன்."

"அப்புறம்?"

"அப்புறமும்... வர்றேன்."

"ஒரு தடவை பாத்ததுமே முடிவு பண்ணலாமா?"

அவன் தோளில் இருந்த தன் கையை அவள் எடுக்கவில்லை.

"பொண்ணுதான் பதில் சொல்லிட்டாளே... இனி என்ன சந்தேகம்?"